அடிவாரத்துக்கு ஒரு விடை, மலைக்கு ஒரு விடை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழை தொடங்கிவிட்டால் சேலத்தில் ஒரே காய்ச்சலுக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஒருவர் முழ நீளத்துக்கு ரத்தப் பரிசோதனைச் சீட்டு எழுதுவார். மற்றவர் பாராசிட்டமால் மட்டும் கொடுத்து, "நாளை மறுநாள் வந்து காட்டுங்கள்" என்பார். முதலாமவர் காசு பிடுங்குகிறார், இரண்டாமவருக்கு விஷயம் போதாது என்று தெருவில் பேச்சு கிளம்பும். இருவருமே சரியாக இருக்கலாம், இருவருமே தவறாகவும் இருக்கலாம். காய்ச்சல் எத்தனையாவது நாள், யாருக்கு, எங்கிருந்து வந்தவர், திரும்பி வர அவருக்கு வண்டி உண்டா என்பதைப் பொறுத்து விடை மாறும். குடும்ப மருத்துவத் தேர்வு சோதிப்பது இந்த மாற்றத்தைத்தான். அதற்குப் படிக்கும் இளம் டாக்டர்களோ இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மனப்பாடம் செய்கிறார்கள். அந்தக் குறையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குடும்ப மருத்துவர் என்றால் மேற்படிப்புக்கு இடம் கிடைக்காமல் நின்றுபோனவர் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. எம்பிபிஎஸ்ஸுக்குப் பிறகு மூன்று ஆண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, தேசியத் தேர்வு வாரியத்தின் டிஎன்பி தேர்வில் நான்கு எழுத்துத் தாள்களையும் பிறகு செய்முறைத் தேர்வையும் தாண்டினால்தான் அந்தப் பட்டம். அமெரிக்காவில் 1969லேயே இதைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றார்கள். கைக்குழந்தையும் வரும், தொண்ணூறு வயதுப் பாட்டியும் வருவார். நோய் தன் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்டு வராது. பாதி நேரம் பெயர் வைக்கும் அளவுக்கு அது முற்றியே இருக்காது. பெயர் தெரியாத அந்த நிலையிலும் இன்றைக்கு என்ன செய்வது என்று முடிவெடுப்பதுதான் இந்தத் தொழிலின் நுணுக்கம்.

தேர்வு வினாக்களைப் பாருங்கள். பத்து வரியில் நோயாளியின் விவரம், கடைசியில் ஒரே ஒரு வரி. 'பெரும்பாலும் என்ன நோய்?', 'முதலில் எந்தப் பரிசோதனை?', 'உறுதிசெய்யும் பரிசோதனை எது?', 'அடுத்து என்ன செய்வீர்கள்?' என்று அந்த வரி நான்கு விதமாக வரும். நான்கும் நான்கு கேள்விகள். மாணவர்கள் நான்குக்கும் ஒரே விடையை எழுதிவிட்டு, மார்க் எங்கே போனது என்று தேடுகிறார்கள். மாதவிலக்கு ஏழு வாரம் தள்ளிப்போன 26 வயதுப் பெண், அடிவயிற்றில் ஒரு பக்கம் வலி, லேசான ரத்தப்போக்கு என்று வைத்துக்கொள்வோம். கருக்குழாயில் தங்கிய கருவாக இருக்கலாம் என்று பயப்பட வேண்டும். முதல் பரிசோதனை, சிறுநீரில் கர்ப்பம் பார்ப்பது. உறுதிசெய்வது பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன். அதிலும் தெளியாவிட்டால் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பீட்டா எச்சிஜி, அதாவது ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் அளவு. அதே பெண் மயங்கி விழுந்தார், நாடி 128, ரத்த அழுத்தம் 80/50 என்று வினாவில் ஒரு வரி கூடிவிட்டால் ஸ்கேன் பேச்சுக்கே இடமில்லை. இரு கையிலும் தடித்த ஊசி போட்டு சலைன் ஏற்றி, ரத்தப் பிரிவுக்கு மாதிரி எடுத்து, அறுவை அரங்குக்குப் போன் செய்ய வேண்டும். ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போகிறேன் என்று எழுதியவர் நோயின் பெயரைச் சரியாகச் சொல்லியும் தோற்கிறார்.

இதற்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. 1980ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்து, பிறகு உலகெங்கும் பாடமானது. எந்த நோய்க்கும் மனத்தில் இரண்டு கோடுகள் போட்டுக்கொள்ள வேண்டும். நோய் இருக்கும் வாய்ப்பு கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் பரிசோதனையும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மேல்கோட்டுக்கு மேலே இருந்தால் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சை தொடங்கலாம். இரண்டுக்கும் நடுவில் விழும்போதுதான் பரிசோதனைக்கு வேலை. கோட்டை எங்கே போடுவது? மருந்தால் வரும் தீங்கையும் மருந்து கொடுக்காமல் விட்டால் வரும் நஷ்டத்தையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தின் பயன் தீங்கைப்போல 19 மடங்கு என்றால், 20ல் ஒரு பங்கு, அதாவது 5 சதவீத வாய்ப்பு இருந்தாலே சிகிச்சை நியாயம். பயனும் தீங்கும் சமம் என்றால் 50 சதவீதம் வேண்டும்.

நடுவில் விழும் நோயாளிக்குச் செய்யும் பரிசோதனையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பத் தக்கதல்ல. நம் ஊர் லேப்களில் அதிகம் போகும் வைடால் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, டைபாய்டு உள்ளவர்களில் 70 சதவீதம் பேரை அது பிடிக்கிறது, இல்லாதவர்களில் 80 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று கொள்வோம். இரண்டு நாள் காய்ச்சலோடும் மூக்கொழுகலோடும் வரும் ஆயிரம் பேரில் 50 பேருக்கு டைபாய்டு என்றால், பரிசோதனை பிடிப்பது 35 பேரை. மீதி 950 பேரில் 190 பேருக்குப் பொய்யாக 'பாசிட்டிவ்' வரும். ஆகப் பாசிட்டிவ் வந்த 225 பேரில் உண்மை நோயாளி 35 பேர், ஏறக்குறைய 16 சதவீதம். ஆறு பேரில் ஐந்து பேர் இல்லாத டைபாய்டுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிடுவார்கள். எட்டாவது நாளும் படிப்படியாக ஏறும் காய்ச்சல், வெளுத்த நாக்கு, வயிற்றுக் கோளாறு, வேறு காரணம் இல்லை என்ற கூட்டத்தில் ஆயிரத்துக்கு 300 பேருக்கு டைபாய்டு என்று வையுங்கள். அப்போது உண்மைப் பாசிட்டிவ் 210, பொய் 140. நம்பகம் 60 சதவீதம். பரிசோதனையும் அதுவே, லேபும் அதுவே. மாறியது கேட்ட கேள்விகளும் தொட்டுப் பார்த்த கையும்தான். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக்காட்டச் சொல்லி வினா வந்தால், சூத்திரத்தைத் தேடாமல் ஆயிரம் பேரை வரிசையாக நிறுத்திப் பிரிப்பது எளிது, கைப்பிழை வராது. இதோடு, வைடால் தேடும் எதிர்ப்புப் பொருள் முதல் வாரக் கடைசியில்தான் ரத்தத்தில் தலைகாட்டும் என்பதையும், முதல் வாரத்தில் கேட்க வேண்டியது ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்த பிளட் கல்ச்சர், அதாவது ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை என்பதையும் எழுதுபவருக்கு முழு மார்க்.

மேல்கோட்டுக்கு நல்ல உதாரணம் சேர்வராயன் மலையிலேயே கிடைக்கிறது. காப்பித் தோட்டத்தில் புதர் வெட்டும் 34 வயதுப் பெண், ஆறு நாள் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பு வலி, இரண்டு நாளாக வறட்டு இருமல். உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்கிரப் டைபஸ் பட்டியலில் மேலே வர வேண்டும். சிகரெட்டால் சுட்டது போன்ற கருத்த பொருக்கு ஒன்று உடம்பில் எங்காவது இருந்தால் சந்தேகமே இல்லை என்று சொல்லலாம். அது வலிக்காது, அரிக்காது. ஆகவே நோயாளி சொல்லமாட்டார், தேடுபவருக்குத்தான் கிடைக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, காதுக்குப் பின்புறம், பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு வரி ஆகியவற்றைத் திரை மறைவில், பெண் உதவியாளரை வைத்துக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 'உடல் முழுதும் பரிசோதித்தேன்' என்று எழுதினால் தேர்வாளர் நம்பமாட்டார். இடங்களின் பெயரை எழுதினால் நம்புவார்.

பொருக்கு கிடைக்காவிட்டாலும் இந்தப் பெண் கோட்டைத் தாண்டிவிட்டார். டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் இரண்டு வேளை, ஏழு நாள். விலை குறைவு, தீங்கு குறைவு. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று வரிசையாகப் பாதிக்கும். இதற்கான ரத்தப் பரிசோதனைகளில் ஐஜிஎம் எலிசா ஐந்து நாளுக்கு முன் பெரும்பாலும் உதவாது, வெயில்-பெலிக்ஸ் பல நோயாளிகளைத் தவறவிடும். மாதிரி எடுத்து அனுப்புங்கள், ஆனால் முடிவு வரும்வரை மருந்தை நிறுத்திவைக்காதீர்கள். கர்ப்பிணி என்றால் அசித்ரோமைசின். மாத்திரையை முழு டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது, படுத்தால் உணவுக்குழாயில் புண்ணாகும். இந்த ஒரு வாக்கியத்துக்கும் மார்க் உண்டு. 48 மணி நேரத்தில் காய்ச்சல் தணியாவிட்டால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் நோய் அதுதானா என்று திரும்பக் கேட்க வேண்டும். மூச்சுத்திணறலோ குழப்பமோ வந்த கடும் நிலைக்கு வேறு விடை. நரம்பு வழியாக டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட மேல் என்று இந்திய ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 2023ல் வெளிவந்தது. பழைய கைடுகளில் இது இருக்காது.

இதே காய்ச்சல் சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓட்டும் பெண்ணுக்கு மூன்றாம் நாளில் வந்தால் வரிசை மாறி டெங்கு மேலே ஏறும். இங்கே மாணவர்கள் விழும் குழி பிளேட்லெட். எண்ணிக்கை எவ்வளவு என்பதிலேயே விடை முழுதும் சுற்றி வருகிறது. நோயாளியைச் சாய்ப்பது ரத்தக்குழாயிலிருந்து கசியும் நீர். அதைக் காட்டுவது ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம். 36ல் தொடங்கியது 44 ஆனால் 22 சதவீத ஏற்றம். 20ஐத் தாண்டியது அபாயம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதியாகும் அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் ரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமல் புரள்வது, கல்லீரல் இரண்டு செ.மீ.க்கு மேல் வீங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் படுக்கையில் சேர்க்க வேண்டும். சலைன் மணிக்குக் கிலோவுக்கு 5 முதல் 7 மி.லி. என்று ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு 3 முதல் 5, பிறகு 2 முதல் 3 என்று படிப்படியாக இறக்க வேண்டும். 50 கிலோ பெண்ணுக்குத் தொடக்கம் மணிக்கு 250 முதல் 350 மி.லி. 'தாராளமாக நீர் கொடு' என்ற விடை ஆபத்தானது. கசிவு நின்றபின் அந்த நீரெல்லாம் நுரையீரலுக்குத்தான் வரும். டெங்குவை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனைகளில் என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்கு, ஐஜிஎம் அதற்குப் பிறகு. வலிக்கு டைக்ளோபெனாக், புரூபென் கூடாது. ரத்தக்கசிவு இல்லாதவருக்கு எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போகும்வரை பிளேட்லெட் ஏற்ற வேண்டியதில்லை. பப்பாளி இலைச் சாறு குடித்தாரா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதை நம்பி மறுநாள் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

இப்போது இடம். ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கி.மீ.தான், ஆனால் 20 கொண்டை ஊசி வளைவு. நாகலூர், மாரமங்கலம், கொட்டச்சேடு மாதிரி ஊர்களிலிருந்து ஏற்காட்டுக்கு வருவதே தனிப் பயணம். சேலத்தில் 'நாளை வந்து ரத்தம் எடுத்துக்கொள்ளுங்கள்' என்பது சரியான விடை. மலையில் அதே வாக்கியம், திரும்பி வர முடியாதவரை வீட்டுக்கு அனுப்புவதாகிவிடும். வயதும் நோயும் எண்களும் ஒன்றாகவே இருந்தாலும், தூரம் கூடக்கூடப் படுக்கையில் சேர்க்கும் கோடு கீழே இறங்கும். வினாவில் 'அருகிலுள்ள மருத்துவமனை இரண்டு மணி நேரத் தொலைவில்' என்ற சொற்கள் அலங்காரத்துக்கு வருவதில்லை. அதைப் பென்சிலால் அடிக்கோடிடாத மாணவர் பாதி வினாவைத்தான் படித்திருக்கிறார்.

நெஞ்சுவலியில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 55 வயதுக்காரர், நெஞ்சில் பாரம், வியர்வை. வீட்டில் 'வாயு' என்று சோடாவும் ஜெலுசிலும் கொடுத்து ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி. முதல் ஈசிஜி சாதாரணமாக இருந்தால் நிம்மதி கொள்ளாமல் 15 முதல் 30 நிமிடத்தில் மறுபடி எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளும் வயதான பெண்களும் வலியே சொல்லாமல் மூச்சிரைப்பு, வாந்தி, களைப்பு என்று மட்டும் வரலாம். மாரடைப்பு உறுதியானால் ஆஸ்பிரின் 300 மி.கி. மென்று விழுங்க வேண்டும், குளோபிடோகிரெல் 300, அட்டார்வாஸ்டாட்டின் 80. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்த முதல் வேளை மாத்திரைகளைக் கொடுக்கும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. வினாவுக்கு உள்ளூர்ப் பொருள் தேடுபவர்களுக்கு அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அடிச்சுவரில் அடைப்பு என்று ஈசிஜி காட்டினால், ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்கும் முன் நெஞ்சின் வலப்பக்கத்திலும் ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். வலது கீழறையும் பாதித்திருந்தால் நைட்ரேட் அழுத்தத்தைத் தரைக்குக் கொண்டுபோகும்.

அடுத்த முடிவு கடிகாரம் சொல்வது. அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டி மூலம் 120 நிமிடத்துக்குள் திறக்க முடியுமா? சேலம் நகரில் பல வேளை முடியும். மலையில் ஆம்புலன்ஸ் வருவது, வளைவுகளில் இறங்குவது, சேர்ப்பது, ஆஞ்சியோ செய்யும் கேத் லேபைத் தயார் செய்வது எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். தாண்டும் என்று தெரிந்தால், ஊசி மருந்து கையில் இருக்கும் சிறு ஆஸ்பத்திரியிலேயே 30 நிமிடத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்க வேண்டும். முன்பு மூளையில் ரத்தக்கசிவு, அண்மையில் பக்கவாதம் அல்லது தலைக்காயம், உள்ரத்தப்போக்கு, பெருந்தமனிக் கிழிசல் என்ற தடைகளை வாய்விட்டு ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில். டெனெக்டிபிளேஸ் இருந்தால் எடைக்கேற்ப ஒரே ஊசி. 75 வயதைத் தாண்டியவருக்குப் பாதி அளவு, குளோபிடோகிரெலும் 75 மி.கி.யோடு சரி. கரைத்துவிட்டோம் என்று அங்கேயே வைத்துக்கொள்ளாமல் ஆஞ்சியோ வசதி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். 'உயர் சிகிச்சைக்குப் பரிந்துரை' என்று ஒரே வரி எழுதி, சொந்தக் காரில் அனுப்பிவைக்கும் விடை தாளிலும் தோற்கும், ரோட்டிலும் தோற்கும்.

பாம்புக்கடியில் 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையை எல்லாருக்கும் தெரியும் என்கிறார்கள்; செய்யச் சொன்னால் பிழை வருகிறது. புதிய, உலர்ந்த, கண்ணாடிக் குழாய் வேண்டும். பிளாஸ்டிக்கில் ரத்தம் உறையத் தாமதமாகும். சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலும் உறையாது. விஷம் ஏறாதவருக்கும் ஏறியதாகக் காட்டும். இரண்டு மி.லி. ரத்தம் விட்டு 20 நிமிடம் தொடாமல், ஆட்டாமல் வைத்து ஒரே ஒருமுறை சாய்க்க வேண்டும். பத்தாவது நிமிடம் ஆவலில் எடுத்துப் பார்ப்பவர் சோதனையைக் கெடுத்துவிடுகிறார். ரத்தம் உறையாமல் ஒழுகினால் விஷமுறிவு மருந்து 10 குப்பி, சலைனில் கலந்து ஒரு மணி நேரத்தில். குழந்தைக்கும் அதே அளவு, ஏனென்றால் பாம்பு குழந்தைக்கென்று விஷத்தைக் குறைத்து விடுவதில்லை. தோலில் போட்டுப் பார்க்கும் சோதனை ஊசி தேவையில்லை. அதற்குப் பதில், ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் 0.5 மி.லி. சிரிஞ்சில் ஏற்றிப் பக்கத்தில் இருக்கட்டும், குழந்தைக்கு எடைக்கேற்ப. ஆறு மணி நேரம் கழித்து உறைவுச் சோதனை மறுபடி. அனுப்பத்தான் போகிறோம் என்று மருந்தைத் தொடங்காமல் மலையிறக்குவது பெரும் பிழை. இன்னொரு நுட்பம்: நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்குத்தான். மலைத்தோட்டங்களில் இலையோடு இலையாகக் கிடக்கும் பச்சை மூங்கில் விரியனுக்கு அது வேலை செய்யாது. அங்கே வீக்கத்தையும் உறைவையும் கவனித்துக் காப்பதே சிகிச்சை. கடித்த பாம்பின் படம் போனில் இருந்தால் பார்க்கலாம்; பாம்பைத் தேடிப் பிடித்துவரச் சொல்லக் கூடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். 146/92 என்று ஒருமுறை காட்டிய ரத்த அழுத்தத்துக்கு அடுத்த அடி மாத்திரை கிடையாது, மறுபடி அளப்பது. ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்த்து, கை இதய மட்டத்தில் இருக்க, பேச்சில்லாமல் அளக்க வேண்டும். அரை மணி நேரத்துக்குள் காப்பி குடித்திருக்கக் கூடாது. ஏற்காட்டில் அது கொஞ்சம் கஷ்டம்தான். பருத்த கையில் சின்னப் பட்டை கட்டினால் அளவு கூடிக் காட்டும். அடுத்தது, ஹீமோகுளோபின் 7.4 உள்ள 38 வயதுத் தோட்டத் தொழிலாளிப் பெண்ணுக்கு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.8. சர்க்கரை நோய் என்று முத்திரை குத்தினால் தவறு. இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைப் பொய்யாக ஏற்றும். வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை, தேவைப்பட்டால் குளுக்கோஸ் குடித்த இரண்டு மணி நேர அளவு பார்த்துவிட்டு, ரத்தசோகைக்கான காரணத்தைத் தேட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் மேக்னசைட் சுரங்கத் தொழிலாளிக்குத் தூசி என்று தீர்ப்பு எழுதும் முன் சளியில் காசநோய்க்கான மூலக்கூறுப் பரிசோதனை. அதற்கிடையில் லிவோபிளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பது காசநோயை மூடிமறைத்துத் தாமதப்படுத்தும். பிடித்த முதல் எண்ணத்திலேயே உட்கார்ந்துவிடுவதுதான் இவை மூன்றிலும் உள்ள கோளாறு.

ஆஸ்திரேலியக் குடும்ப மருத்துவர்களிடமிருந்து வந்த ஐந்து கேள்வி முறை இதற்கு நல்ல தடுப்பு. பெரும்பாலும் எது? எதைத் தவறவிட்டால் உயிர் போகும்? எதை வழக்கமாகக் கோட்டைவிடுகிறோம்? வேறு வேடத்தில் வந்த நோயா, அதாவது மனச்சோர்வு, சர்க்கரை, சாப்பிடும் மருந்தின் விளைவு, ரத்தசோகை, தைராய்டு, முதுகெலும்பு, சிறுநீர்த் தொற்று? இவர் வேறு எதையோ சொல்ல வந்தாரா? கடைசிக் கேள்வியைத்தான் நம் மாணவர்கள் மேடைப்பேச்சு என்று ஒதுக்குகிறார்கள். நான்காவது தடவையாகத் தலைவலி என்று வரும் பெண்ணிடம், மூன்று முறை எழுதிய மாத்திரையை நான்காம் முறை எழுதும் முன், "வீட்டில் எப்படி இருக்கிறீர்கள், அம்மா?" என்று கேட்டுவிட்டு அரை நிமிடம் வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் பார்ப்பது அந்த அரை நிமிடத்தையும்தான்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் சொல்லும் ஒரு சிகிச்சை. 'தேவைப்பட்டால் வரவும்' என்று சீட்டில் எழுதுவதற்கு மதிப்பே இல்லை. எது தேவை என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? இப்படிச் சொல்ல வேண்டும்: "இன்று மூன்றாவது நாள். இது டெங்குவாகவும் இருக்கலாம், சும்மா வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம், இன்றைக்கு எனக்கே உறுதியில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் கவனமாக இருங்கள். வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால், எங்காவது ரத்தம் வந்தால், ஆறு மணி நேரம் சிறுநீர் போகாவிட்டால், எழுந்தால் தலை சுற்றினால் விடியட்டும் என்று காத்திராமல் 108க்குக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் நாளைக் காலை பஸ்ஸில் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள். இப்போது நான் சொன்னதை நீங்கள் ஒருமுறை சொல்லுங்கள் பார்ப்போம்." உறுதியில்லை என்று ஒப்புக்கொள்வது, எதைக் கவனிப்பது, எப்போது வருவது, எப்படி வருவது என்ற நான்கும் அதில் இருக்கின்றன. பிறகு அதையே சீட்டில் எழுதி, சொன்னதாகக் கேஸ் தாளிலும் குறிக்க வேண்டும்.

படிக்கும் முறைக்கு ஒரு யோசனை. ஆயிரம் வினா போட்டுப் பார்ப்பதைவிட, நூறு வினாவை எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விவரத்தை மாற்றி விடை மாறுகிறதா என்று பார்ப்பது பலன் தரும். எரிச்சலோடு சிறுநீர் போகும் 28 வயதுப் பெண்ணுக்கு நைட்ரோபியூரன்டாயின் 100 மி.கி. இரண்டு வேளை, ஐந்து நாள். இப்போது அவரை நிறைமாதக் கர்ப்பிணி ஆக்குங்கள்: மருந்து மாறும். சிறுநீரகம் தளர்ந்தவர் ஆக்குங்கள்: மறுபடி மாறும். காய்ச்சலும் விலாவலியும் சேருங்கள்: அந்த மருந்து சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது என்பதால் விடை அடியோடு மாறும். ஆண் என்றால் கல்ச்சரும், கூடுதல் நாள்களும். கடைசியாக அவரைக் கொட்டச்சேட்டில் குடியேற்றுங்கள். ஒவ்வொரு விடையையும் 'இப்போதே', 'இன்றைக்குள்', 'இந்த வாரத்துக்குள்' என்று மூன்று கட்டத்தில் எழுதிப் பழகினால், 'அடுத்து என்ன' என்ற வினாவுக்கு முதல் கட்டத்தை அப்படியே எடுத்து வைத்துவிடலாம். இதைக் கோச்சிங் வகுப்பின் வீடியோவில் பழக முடியாது. சேலத்தில் குடும்ப மருத்துவப் பயிற்சி தரும் ஆஸ்பத்திரிகள், மாணவர்களை ஒரு மாதமாவது மலையில் உள்ள வெளிநோயாளர் பிரிவில் உட்காரவைக்க ஏற்பாடு செய்தால் நல்லது.

உங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மழைக்காலக் காய்ச்சல் செய்திகளில் பிளேட்லெட் எத்தனை ஆயிரம் என்பதே தலைப்பாக வருகிறது. அதன் பக்கத்தில் ஒரு பெட்டி போட்டு, மேலே சொன்ன வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ரத்தக்கசிவு, சிறுநீர் நின்றுபோவது, எழுந்தால் தலைசுற்றல் என்ற ஐந்தையும், காய்ச்சல் விட்ட பிறகுள்ள இரண்டு நாள் கணக்கையும் பெரிய எழுத்தில் அச்சிட்டால், வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
குடும்ப மருத்துவப் பயிற்றுநர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.